பாவ்லோவின் நான்கு நிமிடம்

நிறைவி இயந்திரம் அன்று காலை ஒரே காட்சியில் ஐயாயிரத்து எழுநூற்று அறுபது பிழைகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கை எரியவிட்டது. பதினோரு வருட வேலையில் பிலோமினா இப்படி ஓர் எண்ணிக்கையைப் பார்த்ததில்லை.

பழைய படங்களைச் சரிசெய்யும் கோடம்பாக்கத்துக் கூடம் அது. கீறல் விழுந்த, பூஞ்சை பிடித்த, பாதி காணாமல் போன படச்சுருளைக் கொடுத்தால், நிறைவி முன்னும் பின்னும் பார்த்து இடையில் இல்லாததைத் தானே வரைந்துவிடும். கோடி முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம். சினிமாவோடு அது நிற்கவில்லை. கல்யாண வீடியோ, குழந்தையின் முதல் நடை, செத்துப்போனவர்களின் கடைசிப் பதிவு என்று ஊரே தன் நினைவுகளைக் கொடுத்துச் சரிசெய்து வாங்கிக்கொண்டது. சரிசெய்த கையோடு பழையதை அழித்துவிடுவது கூடத்தின் வழக்கம். இரண்டும் இருந்தால் எது அசல் என்று வீட்டில் சண்டை வருமாம்.

அன்று வந்திருந்தது நூற்றிருபது வருடப் பழைய இத்தாலியப் படம், கறுப்பு வெள்ளை. ஜெனோவாத் துறைமுகத்தில் வேலை செய்யும் பாவ்லோ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை நிறுத்திக்கொள்கிறான். ஏன் என்று படம் சொல்வதில்லை. நடுவில் ஒரு சமையலறைக் காட்சி. மனைவி சூப்பை வைத்துவிட்டுப் போகிறாள். பாவ்லோ கரண்டியைத் தொடாமல் நேரே நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான், நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தின் ஒவ்வொரு படச்சட்டத்தையும்தான் நிறைவி பிழை என்று குறித்திருந்தது.

அதைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தக் காலத்தில் சுருள் அறுந்துபோனால் ஒரே படச்சட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டி இடத்தை அடைத்துவிடுவார்கள். ஆகவே, ஒரு முகம் மூன்று விநாடிக்கு மேல் மாறாமல் இருந்தால் அது ஒட்டு என்று நிறைவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பிலோமினா 'நிரப்பு' என்ற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் சூப்பிலிருந்து ஆவி எழுவது கண்ணில் பட்டது. அது நெளிந்தது, மெலிந்தது, நான்காவது நிமிடத்தில் அடங்கிப்போனது. ஒட்டிய படச்சட்டத்தில் ஆவி எழாது. கேமரா நிற்கவே இல்லை. அந்த மனிதன்தான் அசையாமல் இருந்திருக்கிறான். நிறைவி முகத்தை மட்டுமே பார்க்கும். ஆவியைப் பார்க்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு மின்விசிறி ஞாபகம் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன் தூத்துக்குடியிலிருந்து தம்பி அமலன் அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். நாற்பது விநாடி. சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை இல்லை. போன் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது, சாயந்தரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் மத்தியானம் துறைமுகத்தில் கடலில் விழுந்து இறந்துபோனான். பத்து வருடம் அதே மேடையில் வேலை பார்த்தவன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றாள் அம்மா.

அந்த வீடியோவை நிறைவியில் போட்டுக் கொடுத்தவள் பிலோமினாதான். இயந்திரம் நிரப்பித் தந்ததில் அமலன் சிரித்தான். இடது கன்னம் முதலில் ஏற, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தோள் குலுங்க. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளிலும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, சொந்தக்காரர்களை உட்காரவைத்து அம்மா அதைப் போட்டுக் காட்டுவாள். சிரித்த முகமாக இருந்த பிள்ளை கால் வழுக்கித்தான் விழுந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். பிலோமினாவும் நம்பினாள்.

ஆனால் அசலில் அவன் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போன் சிக்கியிருந்தால் அதுவும் நின்றிருக்க வேண்டும்.

அவள் மேலாளர் தாவூதின் அறைக்குப் போனாள்.

"சார், பழைய கோப்பு ஒண்ணு வேணும். எட்டு வருஷத்துக்கு முந்தி நான் போட்டது. அசல்."

தாவூத் தேடிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "அழிச்சிருக்கும்மா. நீதான் அழிச்சிருக்க."

அவள் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். பிறகு, "இத்தாலிப் படத்துல அந்த நாலு நிமிஷத்தை நிரப்ப வேண்டாம் சார். அது பிழை இல்ல. அவன் அப்படித்தான் உக்காந்திருக்கான்" என்றாள்.

"நாலு நிமிஷம் ஒருத்தன் சும்மா உக்காந்திருந்தா ஜனங்க எழுந்து போய்டுவாங்க."

"போகட்டும். ஒருத்தராவது உக்காந்து பாப்பாங்க இல்ல. நான் பாக்கல சார், அதான் கேக்குறேன்."

தாவூதுக்கு எந்தளவு புரிந்ததோ தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் படம் திரைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. பாவ்லோவைப் பார்த்த பிறகு, அம்மா, நம்ம அமலனும் இப்படித்தான் உக்காந்திருந்தான் என்று சொல்லிவிடலாம். எட்டு வருடமாக யாரும் அழாத அழுகையை இரண்டு பேருமாக அழுதுவிடலாம்.

சமையலறைக் காட்சி வந்தது. சூப்பை வைத்துவிட்டு மனைவி போனாள். பாவ்லோ நிமிர்ந்து பார்த்தான். பிலோமினா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு விநாடி. இரண்டு. மூன்று.

பாவ்லோவின் இடது கன்னம் ஏறியது. தலையைக் கொஞ்சம் சாய்த்தான். தோள் குலுங்கச் சிரித்தான்.

அவள் மறந்துதான் போயிருந்தாள். படம் நடுவில் சிக்கினால் சமாளிப்பதற்காக ஒவ்வொரு திரையரங்கின் புரொஜெக்டருக்குள்ளும் ஒரு குட்டி நிறைவி வைத்திருந்தார்கள். அதற்கும் ஒரே பாடம்தான். கோடி முகங்களிலிருந்து கற்றுக்கொண்ட ஒரே சிரிப்பை, தெரியாத முகத்துக்கெல்லாம் அது பொருத்திக்கொண்டிருந்தது. எத்தனை வீடுகளில் இந்தச் சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள்.

அரங்கில் நிம்மதியாக ஒரு சலசலப்பு எழுந்தது. அம்மா அவள் கையை இறுக்கினாள்.

"ஏட்டி, பாத்தியா? நம்ம அமலன் மாதிரியே சிரிக்கான்."

திரையில் சூப்பின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பிலோமினா வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமாம்மா" என்றாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். "சிரிச்சிக்கிட்டுதான இருக்கான். இவனுக்கு என்ன கொறன்னு இதைப் படமா எடுத்தானுவ?"