ஐந்து இருக்கைக்கு ஒரு ஹீட்டர்

டக்... டக்...

கார்க் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பெர்சிஸ் திடுக்கிட்டுக் கண் திறந்தாள்.

ஜனவரிக் காலை, ஆறரை மணி. ஏ.எஸ்.ராவ் நகர் சார்ஜிங் நிலையத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு மஃப்ளர்... அதற்கு மேலே கோபமான இரண்டு கண்கள். கோபத்திலும் என்ன அழகு!

கண்ணாடியை இறக்கினாள். தெலுங்கில் ஏதோ தொடங்கியவன், உள்ளே தொங்கிய தமிழ் சர்ச்சின் புத்தாண்டு வாக்குத்தத்த வசன அட்டையைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவினான்.

"அட, நம்ம ஆளா! நான் நோவா, மல்காஜ்கிரி. உங்க வண்டி ஃபுல்லாகி இருபது நிமிஷமாச்சுங்க. என்கிட்ட நாலு பர்சென்ட் சார்ஜ்தான் இருக்கு. ஒயரைக் கழட்டலாமே?"

"கழட்டினா ஹீட்டர் பேட்டரியைத் தின்னும். பேகம்பேட் ஆபீஸ் போய் வரணும். உங்களுக்கு என்ன இவ்ளோ அவசரம்?"

"பேகம்பேட்டுக்கு ஹீட்டரோடவே அஞ்சு தடவை போய் வரலாம். ஒரு ஆளு, ஒரு சால்வை போதாதா? காலி சீட்டுக்கெல்லாம் எதுக்குங்க சூடு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவள் முகம் சட்டென்று வாடியது. இறங்கி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டாள்.

அம்மா இறந்து எட்டு மாதம். வீட்டில் பேச யாருமில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். கதவை மூடிக்கொண்டால் ஹீட்டரின் மெல்லிய இரைச்சல்... பக்கத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல.

அதையும் கெடுத்துவிட்டானே!

ஆறு நாள் வீம்பாக வேறு நிலையத்துக்குப் போனாள். அங்கேயும் வெயில் வரவில்லை. ஏழாம் நாள்... கார் தானாகத் திரும்பியதுபோல இங்கே வந்து நின்றது.

நோவாவின் கார் சார்ஜில் இருந்தது. கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி படிந்து வெளுத்திருந்தது. ஹீட்டர்!

டக்... டக்... இப்போது அவள் தட்டினாள்.

"ஃபுல்லாகி எவ்வளவு நேரமாச்சு சார்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"கழட்டலாமே?"

"நீங்க வந்து தட்டட்டும்னு ஆறு நாளா இதே வேலைதான். வர்றவங்க எல்லாரும் திட்டிட்டுப் போறாங்க..." அவன் குரல் இறங்கியது. "அன்னிக்கு உங்க முகம் மாறினதைப் பார்த்தேன். யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பிப் போறவன் நான்... நானே அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவள் கண்களில் பனி இறங்கியது.

"நீங்க சொன்ன காலி சீட்டு, இறந்துபோன எங்க அம்மா உட்கார்ந்த சீட்டு, நோவா. ஜில்லுனு இருந்தா... தொட முடியல. அதான் ஹீட்டர்."

அவன் எட்டி, இடப்பக்கக் கதவைத் திறந்தான். உள்ளிருந்து வெதுவெதுப்பு அவள் விரல்களைத் தொட்டது. தயங்கி, ஏறி உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

பின்னால் ஒரு கார் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது.

"ஆறு நாளும் வேற எங்கயோதான் சார்ஜ் போட்டேன்," என்றாள் குனிந்தபடி. "மனசு மட்டும் இங்கயே நின்னுடுச்சு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கு... அந்த முதல் நாளே."

மறுபடியும் ஹாரன்.

"ஒயரைக் கழட்டுங்க நோவா," என்றாள் பெர்சிஸ். "ஹீட்டர் ஓடட்டும். பேட்டரி குறைஞ்சா குறையட்டும்."