ஊன்றக் கூடாத கால்

மின்விசிறி நின்ற பிறகுதான் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. டக், டக், டக். சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று. கண்டாவளையில் மதியத்தில் மின்சாரம் போவது புதிதல்ல. முற்றத்தில் காயும் நெல்லின் சூடான வாசமும் மாட்டுக்கொட்டிலின் சாணி மணமும் கதவிடுக்கால் வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்க, தலையணைமேல் உயர்த்திவைத்த வலது காலைப் பார்த்தபடி சுகந்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்தத் தட்டு அவளுக்குப் பழக்கமானது.

நெல்மூட்டை ஏற்றிய உழவு மெசினின் இழுவைப் பெட்டி உச்சியிலிருந்து குதித்தபோது அவளுடைய குதிக்கால் எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போனது. வவுனியாவில் டொக்டர் காலை அகல வெட்டித் திறக்கவில்லை. இடுப்பில் ஊசி போட்டு விறைக்கவைத்து, எக்ஸ்றே திரையைப் பார்த்துக்கொண்டே, தோலில் இட்ட சின்னத் துளைகள் வழியாகத் திருகாணிகளைச் செலுத்தினார். பச்சைத் துணிக்கு அப்பால், வேறு யாருடையதோ போலக் கிடந்த காலில் ஒரு சுத்தியல் தட்டியது. வலி இல்லை. டக், டக், டக் என்ற தட்டு மட்டும் உடம்பேறி வந்தது.

"காயம் சின்னன் எண்டு நடக்க வெளிக்கிடாதேங்கோ அம்மா," என்றார் டொக்டர். "நான் சொல்லும்வரை ஊண்டக் கூடாது. ஊண்டினா உள்ளுக்கை திரும்ப இடிஞ்சுபோம். பிறகு என்னாலும் ஒண்டும் செய்யேலாது."

கணவன் கோகுலன் அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தபோது பகிடி விட்டான். "இனிப் பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தா உம்மை ஒளிச்சுவைக்க வேணும்."

இன்று காலையில் அவள் சொன்னபோது அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

"இஞ்சாருங்கோப்பா, நிலத்துக்குக் கீழ ஆரோ தட்டுகினம்."

"எலியா இருக்கும்."

"சீமெந்துக்குக் கீழயோ?"

"சும்மா கண்டதையும் யோசியாதேயும். காலை மட்டும் கீழ வையாதேயும்." சொல்லிவிட்டு, தரையைப் பார்க்காமலே வயலுக்குப் போய்விட்டான்.

அந்த அறைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று இருவருக்கும் தெரியும். போர் முடிந்து முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தபோது, அவர்கள் இல்லாத காலத்தில் வளவில் யாரோ வெட்டிய பதுங்குகுழி ஒன்று மழைத்தண்ணீர் நிரம்பி நின்றது. வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் வெட்ட அவசரம். தண்ணீரை இறைத்து உள்ளே யாராவது கிடக்கிறார்களா என்று பார்க்க எவருக்கும் பொழுதிருக்கவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் மூடினார்கள். கிரவல் மண்ணைக் கொட்டி, அவளும் அவனும் வெறுங்காலோடு ஏறி நின்று, குதிக்கால் நோக நோக மிதித்து இறுக்கினார்கள். அதன்மேல்தான் சீமெந்து.

டக், டக், டக்.

முதலில் அலுமாரிக்கு அடியில் கேட்டது. பிறகு அறையின் நடுவில். பிறகு கட்டிலோரம். சத்தம் கேட்ட இடத்திலெல்லாம் சீமெந்து வியர்த்திருந்தது. வட்டமாய், ஒரு குதிக்காலின் அளவில். விரல்களின் தடம் இல்லை. கீழேயிருந்து யாரோ மேல்நோக்கி மிதித்ததுபோல.

அவள் கட்டில் சட்டத்தைப் பற்றினாள். இடுப்பு விறைத்தது. அதே ஊசி விறைப்பு. யாரும் போடாத ஊசி.

கால் தலையணையிலிருந்து நழுவியது.

வேறு யாருடையதோ போல.

"வேண்டாம்," என்றாள். கால் கேட்கவில்லை. உடம்பு அதன் பின்னே இழுபட்டு நிமிர்ந்தது. குதிக்கால் தரையைத் தொட்டது. சீமெந்து சூடாயிருந்தது. உள்ளே ஏதோ நெரிந்தது, வலியில்லை. கீழேயிருந்து இன்னொரு குதிக்கால் வந்து அவளுடையதோடு பொருந்திக்கொண்டது.

வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. வரும் வழியில் கோகுலன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் அலறினான்.

"ஐயோ, ஏன் எழும்பினனீர்? கால்!"

ஓடிவந்து அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான். உடம்பு எழும்பியது, பாதம் எழும்பவில்லை. கட்டு நனைந்து வழிந்த இரத்தம் தரையில் பரவவில்லை. சீமெந்து அதை உறிஞ்சியது.

கோகுலனின் கைகள் தளர்ந்தன. அவன் மெல்லக் குனிந்து தன் வெறுங்கால்களைப் பார்த்தான். ஒரு காலைத் தூக்கப் பார்த்தான். மற்றதை. இரண்டும் வரவில்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

"அம்மா!" வாசலில் யதுர்ஷிகாவின் குரல். "எனக்குப் பசிக்குது."

வராதை பிள்ளை என்று கத்த சுகந்தினி வாயைத் திறந்தாள். விறைப்பு தொண்டைக்கு ஏறியிருந்தது. அவனுடைய வாயும் திறந்தபடியே நின்றது.

வாசற்படியில் ஒரு பள்ளிக்கூடச் சப்பாத்துக் கழன்று விழுந்தது.

பிறகு மற்றது.