சிவப்புக் கோட்டுக்குள்

ரிவர்ஸ் கியர் போட்டால் எதிர்ச்சுவரும் அதில் நீளவாக்கில் ஓடும் தண்ணீர்க் குழாயும் திரையில் தெரிய வேண்டும். தெரிந்தன. கூடவே, சுவரின் இடது ஓரத்தில் யாரோ குந்தி உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

அவன் பிரேக்கை அழுத்தினான். கேமரா மாட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் வண்டி நிறுத்துமிடம் அது. ஊரே வெயிலில் காய்கிற காலையிலும் அங்கே இருட்டு, ஈரச் சிமென்ட் வாடை, எந்தக் குழாயிலிருந்தோ நிற்காமல் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரின் சத்தம். திரையில் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்த உருவத்தின் முழங்கால்கள் காதுவரை உயர்ந்திருந்தன. கண்கள் மட்டும் டார்ச் பட்ட பூனைக்கண் மாதிரி பளபளத்தன.

அவனுடைய இடம் இரண்டு தூண்களுக்கு நடுவில். கதவு பாதிதான் திறக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கி, போன் வெளிச்சத்தோடு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, இடது மூலைக்குப் போய்ப் பார்த்தான். ஒரு ஈ காக்காகூட இல்லை.

"அப்பா, ஸ்கூலுக்கு லேட்டாயிடும்ப்பா" என்றாள் பின்சீட்டிலிருந்து வாண்டு.

வாண்டு அவன் மகள். ஐந்து வயது. கேமராவே அவளுக்காகத்தான். போன மாதம் இதே இடத்தில் கீழே விழுந்த பென்சிலை எடுக்க அவள் வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தாள். அவன் கவனிக்காமல் பின்னால் எடுத்துவிட்டான். டயருக்கடியில் போனது அவளுடைய பை. பை மட்டும்தான். உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பா நசுங்கித் தட்டையாகியிருந்தது. நர்ஸாக இருக்கும் அவன் மனைவி கத்தவில்லை, அழவில்லை. "பின்னாடியும் கண்ணு வெச்சதுக்கப்புறம்தான் என் புள்ள இந்த வண்டில ஏறுவா" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் இரண்டு மாதிரி காட்டினார்கள். கடைக்காரர் லென்ஸைச் சுற்றிப் பொடிப்பொடி விளக்குகள் வைத்த ஒன்றைத் தட்டி, "இதை எடுத்துக்குங்க சார். நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இதுல தெரியும்" என்றார். அவன் அதையே வாங்கினான். சும்மா கிடந்த சனியனைப் பனியனுக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று அப்போது அவனுக்கு எப்படித் தெரியும்?

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வாய் ஓயாத மனிதர். நம்பர் பிளேட்டுக்கு மேல் துளை போட்டு, ரிவர்ஸ் விளக்கிலிருந்து மின்சாரம் எடுத்து, தரைவிரிப்புக்கு அடியில் ஒயரை முன்னால்வரை இழுத்து வந்தார். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் எழுந்தன. சிவப்புக்குள் ஏதாவது வந்தால் பீப் பீப் என்று விடாமல் கத்தும்.

"ஒரு சின்ன ஒயரை வெட்டுற வேலை பாக்கி இருக்கு சார். வண்டிய வெளிய எடுத்து ஒருதரம் ஓட்டிப் பாத்துட்டா..."

"படம் வருதுல்ல? கோடு தெரியுதுல்ல? போதுங்க. எனக்கு ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு."

"அவசரக்காரனுக்குப் புத்தி மட்டும்பாங்க சார்" என்று சிரித்துக்கொண்டே அவர் பெட்டியை மூடினார்.

சுவரோரத்தில் பார்த்ததற்கு மறுநாள் அது மஞ்சள் கோட்டில் இருந்தது. குந்தியபடியேதான். நடந்து வந்த மாதிரி இல்லை. குந்தியபடியே நகர்ந்து வந்திருக்க வேண்டும். இடது கண்ணாடியில் பார்த்தான். வெறும் தரை. அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்த வேகத்தில் வாண்டு முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டாள்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. "லென்ஸ்ல பூச்சி கீச்சி உக்காந்திருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டான். எடுக்கவில்லை. 'கேமராவுல இடது பக்கம் ஏதோ தெரியுது, கூப்பிடுங்க' என்று செய்தி அனுப்பினான். மறுநாள் காலையில், எப்போதும் இடதுபுறம் உட்காரும் வாண்டுவைத் தன் இருக்கைக்கு நேர் பின்னால், வலதுபுறம் உட்கார வைத்தான்.

"இங்க ஏன்ப்பா?"

"அப்பா முதுகுக்குப் பின்னாடியே இரு தங்கம். அதான் நல்லது."

எல்லாக் கதவுகளையும் பூட்டினான். பின்கதவை உள்ளேயிருந்து திறக்கவிடாத குழந்தைப் பூட்டையும் சரிபார்த்திருந்தான். ரிவர்ஸ் போட்டான். சுவர் தெரிந்தது, குழாய் தெரிந்தது, கோடுகள் தெரிந்தன. அது இல்லை. அப்பாடா! அவனுக்கு மூச்சு வந்தது. மெல்லப் பின்னால் எடுத்தான். பின்கதவு தூணைத் தாண்டியது. அவன் கதவு தூணுக்கு நேராக வந்தது.

பீப்.

சிவப்புக் கோட்டுக்குள், லென்ஸை உரசுகிற மாதிரி, அந்த முகம். அவன் பிரேக்கை மிதித்தான். முகம் இடது பக்கமாக நகர்ந்தது. திரையின் இடது விளிம்பைத் தாண்டி வெளியே போனது. பீப் நின்றது.

இடது கண்ணாடியைப் பார்த்தான். யாரும் இல்லை. இடது ஜன்னலையே பார்த்தான். கண் இமைக்காமல் பார்த்தான். வரட்டும். அந்தப் பக்கம் சீட்டு காலி.

போன் அடித்தது. உயிரே போய்த் திரும்பியது. எலக்ட்ரீஷியன்.

"சார், மன்னிச்சுக்குங்க, இப்பதான் மெசேஜைப் பாத்தேன். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க விரட்டிட்டீங்க. அது முன்னாடிக்கும் பின்னாடிக்கும் பொதுவான கேமரா சார். பின்னாடி மாட்டினா அந்தப் பச்சை ஒயரை வெட்டணும். வெட்டலைன்னா படம் மாறித்தான் தெரியும். திரையில இடதுன்னா, நிஜத்துல அது வலது. ஹலோ? சார்?"

வலது.

அவன் அன்று இறங்கியது வலது பக்கம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வண்டியைச் சுற்றிப் போயிருக்கிறான். மகளைத் தூக்கி உட்கார வைத்ததும் வலது பக்கம்.

"அப்பா" என்றாள் வாண்டு. "ஜன்னலைத் தட்டுறாங்க."

"திறக்காத! பூட்டைத் தொடாத தங்கம்!"

"தொட்டுட்டேன்ப்பா. பென்சில் தர்றேன்னாங்க."

டக்.

உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவு வெளியிலிருந்து திறந்தது. ஈரச் சிமென்ட் வாடை உள்ளே வந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவன் திரும்பினான். சீட்டில் பை மட்டும்தான் இருந்தது.

தன் கதவைத் தள்ளினான். தூணில் இடித்தது. மறுபடியும் தள்ளினான். கை நுழையும் இடைவெளிகூட இல்லை. "வாண்டு! வாண்டு!" என்று அலறியபடியே இடது பக்கத்துக் கதவுக்குத் தாவ பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ரிவர்ஸிலேயே இருந்த ஆட்டோமேட்டிக் வண்டி பின்னால் நகர்ந்தது.

பீப்.

காலை மறுபடி அழுத்தினான். திரையைப் பார்த்தான்.

சிவப்புக் கோட்டுக்குள் இரண்டு பேர். கையைக் கோத்துக்கொண்டு, குந்தியபடி. சின்னவளின் முழங்கால்கள் காதுவரை உயர்ந்திருந்தன. காலை எடுத்தால் வண்டி அவள் மேல் போகும். கியரை மாற்றினால் திரை அணைந்துவிடும்; அப்புறம் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. "வாண்டு" என்றான்.

அவள் நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தாள். அவளுடைய கண்களும் பளபளத்தன. பீப் சத்தம் நிற்கவே இல்லை.