இரண்டாவது சாவி

பேட்டரியில்தான் கோளாறு என்று சொல்லிவிடட்டும். எலி வயரைக் கடித்துவிட்டது, உள்ளே தகடு செத்துவிட்டது, எதுவாக இருந்தாலும் சரி. கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணத்தைச் சொல்லிவிடட்டும்.

ஷெட் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மதியம் மூன்று மணி. கிரீஸும் பழைய ரப்பரும் வெயிலில் வெந்த வாசனை. அவர்களுடைய காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது பேட்டரி. வீட்டில் கொண்டுவந்து நிறுத்தும்போது நன்றாக இருக்கும். காலையில் பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியாது.

"போன தடவை போட்டது புத்தம் புது பேட்டரி சார்," என்றான் எலக்ட்ரீஷியன். முப்பது வயதிருக்கும், பேசும்போதும் கை வேலையை விடவில்லை. "இனி அதைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நிறுத்தி வச்ச பிறகு ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிக்குது."

"யாருன்னு சொல்லுங்க, கால்ல விழுந்து கேட்டுக்கறேன்," என்றார் அவள் கணவர். எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லும் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை. சொல்லிவிட்டுச் சிரிக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது.

"முதல்ல எப்ப இறங்குச்சு?"

அவர் தேதியைச் சொன்னார். "எங்க பொண்ணு போன அன்னைக்கு. மழையில மாட்டிக்கிட்டேன், வந்து கூட்டிட்டுப் போன்னு பஸ் ஸ்டாப்புல இருந்து போன் பண்ணியிருக்கா. வண்டி ஸ்டார்ட் ஆகல. இல்லேன்னா இவ போயிருப்பா."

அவள் தரையைப் பார்த்தாள்.

அன்று பேட்டரி இறங்கவில்லை. அவள் காரின் அருகில்கூடப் போகவில்லை. காலையில் மகள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருந்தாள். "உன்ன மாதிரி ஆகிடக் கூடாதுன்னுதான் படிக்கிறேன்." அந்த ஒரு வரியைப் பகல் முழுக்க மென்றுகொண்டிருந்தவள், சாயங்காலம் போனில் "பேட்டரி இறங்கிடுச்சு, நீயே வந்துக்கோ" என்றாள். கொஞ்சம் நனையட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். மகள், கூடப் படிப்பவளின் ஸ்கூட்டரில் ஏறினாள். பாலத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது. மறுநாள் ஆற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். தோள்பை மட்டும் கிடைக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றி, இடையில் கரண்டை அளக்கும் மீட்டரைச் சேர்த்தான். கதவுகளைப் பூட்டினான். கார்ச் சாவியை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, பின்னால் இருந்த அறையில் வைத்துவிட்டு வந்தான்.

"சாவி பக்கத்துல இருந்தா வண்டி முழிச்சுக்கிட்டே இருக்கும்க்கா. உள்ள இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணொண்ணா அணையணும். அரை மணி ஆகும். யாரும் தொட்டுடாதீங்க."

மூன்று பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். மீட்டரில் எண் மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது மகளைத் தூங்கவைத்துவிட்டு அவளும் கணவரும் இப்படித்தான் நிற்பார்கள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மூச்சுச் சத்தம் கேட்டாலும் விழித்துக்கொள்வாள்.

"தூங்கப் போகுது," என்று கிசுகிசுத்தான் எலக்ட்ரீஷியன்.

நாற்பது. முப்பத்திரண்டு. இருபத்தெட்டு.

டக்.

பின்பக்கக் கதவின் பூட்டு.

மீட்டரில் எண் துள்ளி ஆயிரங்களுக்குப் போய் நின்றது.

யாரும் தொடவில்லை.

கிரீஸ் வாசனையின் ஊடே வேறொரு வாசனை வந்தது. சேறு. அழுகிய இலை. ஆற்றங்கரையில் விடியும்வரை நின்றிருந்தபோது அவள் புடவையில் ஏறிய வாசனை.

எலக்ட்ரீஷியன் டப்பாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சாவி அதில்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் கம்பியைச் செருகி, கையில் இருந்த கருவியின் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"வண்டியில ரெண்டு சாவி பதிவாகியிருக்கு. இன்னொண்ணு எங்க?"

"பொண்ணோட பையில இருந்துச்சு," என்றார் கணவர். "ஆத்தோட போச்சு."

"இல்ல சார்." அவன் திரையை அவர் பக்கம் திருப்பினான். "வண்டிக்குள்ள இருக்கு. பின் சீட்டுன்னு காட்டுது."

கோபம் வந்தால் மகள் முன்னால் உட்கார மாட்டாள். பின் சீட்டில் ஜன்னலோரம் போய் ஒண்டிக்கொள்வாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை வராது.

சீட்டைத் தூக்கினார்கள். இடுக்கில் கைவிட்டுத் துழாவினார்கள். சாவி இல்லை. கீழே விரித்திருந்த மிதியடியைத் தொட்ட எலக்ட்ரீஷியன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கதவைச் சாத்திவிட்டு மறுபடி திரையைப் பார்த்தான். எதையாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை என்பதுபோலப் பேசினான். "நீங்க சொன்ன தேதி தப்பு சார். அன்னைக்கு பேட்டரி ஃபுல்லா இருந்திருக்கு. முதல் தடவை இறங்கினது அதுக்கு நாலு நாள் கழிச்சுத்தான். இதுல எல்லாம் பதிவாகும்."

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பயப்பட ஒண்ணுமில்லக்கா," என்றான் எலக்ட்ரீஷியன், காரிலிருந்து ஓரடி தள்ளி நின்றபடி. "அந்த சாவியோட பதிவை அழிச்சிடலாம். அப்புறம் அதுக்கு இந்த வண்டி திறக்காது. வண்டியும் நிம்மதியா தூங்கும். உங்க பேர்லதான வண்டி இருக்கு? நீங்க சரின்னா அழுத்திடறேன்."

"சரின்னு சொல்லு," என்றார் கணவர். "போதும்மா. சொல்லிடு."

அவள் பின்பக்க ஜன்னலில் உள்ளங்கையை வைத்தாள். அந்த வெயிலிலும் கண்ணாடி சில்லென்றிருந்தது. உள்பக்கம், ஒரு வாய் அளவுக்கு மட்டும், கண்ணாடி ஆவி பிடித்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

எலக்ட்ரீஷியனின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

"வேண்டாம் தம்பி," என்றாள், கையை எடுக்காமல்.