பச்சைப் பக்கத்தில் ஒரு பிணம்

பிணம்!

கிளப்ஹவுஸ் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின்.

அசோசியேஷன் பிரசிடென்ட் சீனிவாசராகவன் ஆறடி தள்ளி நின்றபடியே நாடி பார்த்தார். கொரோனா இரண்டாம் அலை... யார் தொடுவார்கள்?

"முடிஞ்சுபோச்சு," என்றார். "யாருய்யா இது?"

செக்யூரிட்டி கில்பர்ட் மாஸ்க்குக்குள் முனகினான். "எதிர்ச் சந்து இராஜமாணிக்கம் சார். பொம்மசந்திராவுல லேத் வேலை. சுவரேறிக் குதிச்சிருப்பான்."

சீனிவாசராகவன் வாசல் பேனரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சாவுகூட இல்லாத அபார்ட்மெண்ட் என்று பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கே தெரியும்படி அதைக் கட்டியிருந்தார். பிணம் எந்தப் பக்கம் கிடக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கணக்கு! கார்ப்பரேஷனின் கொரோனா மேப்பில் பச்சை போய்ச் சிவப்பு வந்துவிடும். கேட்டுக்கு சீல். அப்புறம் ஃப்ளாட்டை அடிமாட்டு விலைக்குக்கூட யாரும் கேட்கமாட்டார்கள்.

எதிர்ச் சந்து ஏற்கெனவே சிவப்பு. அங்கே டாக்டர் இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, ஆம்புலன்ஸ் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு ரோடு. இந்தப் பக்கம் எண்பது வயதில் வாக்கிங் போனார்கள். அந்தப் பக்கம் ஐம்பதைத் தாண்டினாலே அதிசயம். அநியாயம்தான்!

"அங்க கணக்குல ஒண்ணு கூடினா தெரியவா போகுது?" என்றார் பிரசிடென்ட்.

லாக்டவுன் மதியம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. லக்கேஜ் ட்ராலியில் தள்ளிக்கொண்டு போய், சந்து முனையில் இறக்கிவிட்டு ஓடி வந்தான் கில்பர்ட்.

மாலைக் காபியை முடித்துவிட்டுக் கிளப்ஹவுஸைத் திறந்த சீனிவாசராகவன் உறைந்தார்.

அதே கட்டில்... அதே பிணம்!

வேலையை விட்டாலும் விடுவேன், இனி தொடமாட்டேன் என்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான் கில்பர்ட். பேனரா, பயமா? பேனர் ஜெயித்தது. பிரசிடென்ட் தானே ட்ராலியில் ஏற்றித் தள்ளினார்.

சந்து முனையில் மூச்சு வாங்கியது. கண் இருட்டியது. ட்ராலிக்குப் பக்கத்திலேயே மடங்கி விழுந்தார்.

இரண்டு நாளாகக் காய்ச்சல். ரெக்கார்ட் கெட்டுவிடுமே என்று மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை மனிதர்.

"கில்பர்ட்... மெஷின்... என்னை உள்ள தூக்கிட்டுப் போ..."

கேட் பூட்டப்படும் சத்தம்.

"ரூல் சார்," என்றான் கில்பர்ட் உள்ளேயிருந்து. "சிவப்புப் பக்கத்துலருந்து யார் வந்தாலும் விடக்கூடாதுன்னு போர்டு வெச்சதே நீங்கதான்."

ட்ராலியில் பிணம் எழுந்து உட்கார்ந்தது!

அலறக்கூடக் காற்றில்லை பிரசிடென்டுக்கு.

"பயப்படாதீங்க சார்," என்று இருமினான் இராஜமாணிக்கம். "எனக்கும் மூச்சுத்திணறல்தான். யாரோ வர்ற சத்தம் கேட்டா மெஷினை நிறுத்திட்டு மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் படுத்துடுவேன். நாலு இழுப்பு இழுக்கறதுக்குள்ள தள்ளிட்டு வந்துடறீங்க."

தடுமாறி இறங்கியவன், அவர் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"வாங்க, பின்பக்கம் சுவர் குட்டை. நான் ஏத்தி விடறேன். ஆனா கட்டில் ஒண்ணுதான் சார்... ரெண்டு பொணமும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணித்தான் படுக்கணும்!"