அரை டாலரில் ஒரு முகம்

டெலிபோன் அலறியது.

ஷெரீப் கெரிட் டென்ப்ரூக், எதிரில் ஆறிக்கொண்டிருந்த முட்டையை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"ஷெரீப்... நான் அமோஸ் ட்ரிம்பிள் பேசறேன்... போதகரை யாரோ கொன்னுட்டாங்க..."

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் தேவாலயத்தின் ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைக்கும் கனத்த குரல் அது. இப்போது எலிக்குஞ்சு மாதிரி நடுங்கியது.

ஷெரீப் முட்டையை மறந்தார்.

தேவாலயத்தின் பின்கூடத்தில் போதகர் லாமோரோ குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் சிற்பியின் சுத்தியல். உடம்பு முழுக்க வெள்ளைத் தூள்... அடுப்புக்குப் போகத் தயாரான ரொட்டி மாதிரி இருந்தார் மனிதர்.

தூள் எங்கிருந்து வந்தது?

சுவரில் இரண்டு பெரிய பிளாஸ்டர் வட்டுகள் மாட்டியிருந்தன. வரப்போகும் நாணயத்தின் மாதிரிகள். ஒன்றில் கப்பல், சிலுவை, 'விசுவாசத்துக்காக வந்தோம்' என்ற வாசகம். அது பத்திரமாக இருந்தது. தாடிக்காரர் ஒருவரின் தலை இருந்த வட்டு மட்டும் தரையில் சுக்கல் சுக்கலாக.

அந்த நாணயம்தான் மோர்வால் ஊரின் தீராத சண்டை.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால், மதத்துக்காகப் பிரான்ஸை விட்டு ஓடிய ஹியூகனாட் என்ற புராட்டஸ்டன்ட் கூட்டம் ஒன்று ஹட்சன் ஆற்றங்கரையில் இறங்கி இந்த ஊரை உண்டாக்கியது. தலைவர் ழாக் மொரேன். அவர் நினைவாக அரை டாலர் நாணயம் வெளியிட வேண்டும் என்று போதகர் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். அவர் பேனாவை நிறுத்துவதற்காகவே காங்கிரஸ் சம்மதித்தது என்று ஊரில் பேச்சு.

எதிர்த்தவர் ஒருவர்தான். 'மோர்வால் பீக்கன்' பத்திரிகையின் ஆசிரியர் மைல்ஸ் ஃபினெர்ட்டி. ஐரிஷ்காரர், கத்தோலிக்கர், வாய் சும்மா இருக்காது. அரசாங்கப் பணத்தில் ஒரு சபையின் புனிதருக்கு என்ன வேலை என்று வாரா வாரம் கேட்டார். எங்கள் தாத்தாக்களும் பட்டினியோடு கப்பலில்தான் வந்தார்கள், அந்தக் கப்பலை எந்தக் காசில் போடுவீர்கள் என்றும் கேட்டார்.

போன வாரத் தலைப்பு இன்னும் மோசம்.

'அச்சடிக்கும் முன்பே இதை உடைக்க வேண்டும்!'

இப்போது உடைந்து கிடந்தது. போதகரின் தலையோடு சேர்த்து.

மதியத்துக்குள் பீக்கன் ஆபீஸ் ஜன்னல்கள் நொறுங்கின. கயிறு விற்கும் கடையில் என்றும் இல்லாத கூட்டம். ஷெரீப் ஃபினெர்ட்டியைக் கைது செய்ததாக அறிவித்தார். நிஜத்தில் அது கைது இல்லை, உயிர்ப்பிச்சை. அன்று ஊரிலேயே பத்திரமான இடம் லாக்கப்தான்.

கம்பிக்குப் பின்னால் ஃபினெர்ட்டி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மைல்ஸ், என்கிட்ட உண்மையைச் சொல்லு. நீதானா?"

"லாமோரோ போதகர் உயிரோட இருந்தாத்தானய்யா எனக்குப் பிழைப்பு. அவரைத் திட்டித் திட்டித்தான் பத்திரிகையே ஓடுச்சு. இனிமே யாரைத் திட்டறது? உங்களையா?"

"உடைக்கணும்னு எழுதினியே?"

"எழுதினேன். எதை உடைக்கணும்னு எழுதினேன், படிச்சீங்களா?"

ஷெரீப் படித்ததில்லை. மோர்வாலில் முக்கால்வாசிப் பேர் தலைப்போடு சரி.

"சிலுவையை எடு, விசுவாசம்கிற வார்த்தையை எடு. அது ரெண்டும் போனா அவர் புனிதர் இல்ல, வெறும் ஊர்த்தலைவர். இவ்வளவுதான் நான் கேட்டது. ரெண்டும் இருக்கிறது கப்பல் பக்கம். கையில சுத்தியலோட நான் அங்க நின்னிருந்தா அதைத்தான் முதல்ல போட்டிருப்பேன். அந்தத் தாடிக்காரத் தலை என்ன பாவம் பண்ணுச்சு?"

ஷெரீப் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கப்பலை வெறுத்தவன் தலையை ஏன் உடைக்கப் போகிறான்? உடைத்தவனுக்கு நாணயத்தின் மேல் கோபமில்லை.

முகத்தின் மேல்தான்.

மருந்துக்கடை மாடியில் சிற்பி இடா கோர்ட்ரைட் தங்கியிருந்தாள். கதவைத் திறந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. தன் சுத்தியல் ஒருவரைக் கொன்றதை அவளால் தாங்க முடியவில்லை. ஷெரீப் சுற்றி வளைக்காமல் கேட்டார். ழாக் மொரேனுக்கு ஒரு படம்கூடக் கிடையாது, அப்புறம் எதைப் பார்த்துச் செய்தாய்?

அவள் தயங்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு போதகருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவர் கோவிச்சுக்கற நிலைமையில இல்லம்மா. அங்க ஒருத்தன் கழுத்துக்குக் கயிறு திரிச்சிட்டிருக்காங்க. சொல்லு."

சொன்னாள். எந்தப் படமும் கிடைக்காதபோது போதகர்தான் ஒரு யோசனை சொன்னாராம். நம் சபையிலேயே சாந்தமான, பக்தியான முகம் ஒன்று இருக்கிறது, அதையே வைத்துவிடு என்று. அந்த ஆளைக் கேட்டார்கள். அவன் மாட்டவே மாட்டேன் என்றான். என்ன தன்னடக்கம் என்று போதகர் உருகிப்போனார். பிரசங்கம் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து அவனுக்குத் தெரியாமல் வரைந்துவிடச் சொன்னார்.

"யாரு?"

பெயரைச் சொன்னாள்.

ஷெரீப் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"வேற பிரதி இருக்கா?"

"பிலடெல்பியா நாணயச்சாலைக்குப் போன வாரமே ஒண்ணு அனுப்பியாச்சு. போதகருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"இன்னும் ரெண்டு நாளைக்கு அப்படியே இருக்கட்டும்."

அடக்க ஆராதனையில் ஊரே திரண்டது. பாட்டு முடிந்ததும் ஷெரீப் எழுந்து முன்னால் போனார். தேவாலயத்துக்குள் அவர் வாயைத் திறந்ததே அபூர்வம். போதகரின் கனவு சாகவில்லை என்றார். தலையின் இன்னொரு பிரதி நாணயச்சாலையில் பத்திரமாக இருக்கிறது, வசந்தகாலத்துக்குள் அந்த முகம் அமெரிக்கா முழுக்கப் போய்விடும் என்றார்.

போதகரின் மனைவி ஆனந்தத்தில் அழுதார். சபைக்காரர்கள் ஆமென் போட்டார்கள்.

அடுத்த நாள் காலை ஷெரீப் தேவாலயத்தை ஒட்டியிருந்த சின்ன அறையின் கதவைத் தட்டினார்.

திறந்தது அமோஸ் ட்ரிம்பிள்.

ஆனால், மார்பு வரை தொங்கும் தாடி இல்லை! காதோரம் சோப்பு நுரை. உதட்டிலிருந்து தாடை வரைக்கும் பழைய வெட்டுத்தழும்பு. கட்டிலில் பாதி அடைத்த பை.

"தாடி எங்கப்பா?"

"உறுத்துச்சு..."

"நாலு வருஷமா உறுத்தலையா?"

அமோஸின் பார்வை ஜன்னலுக்குப் போனது. ஷெரீபின் கை துப்பாக்கிக்குப் போனது. அமோஸ் பெருமூச்சு விட்டு, பையை நகர்த்திக் கட்டிலில் உட்கார்ந்தான்.

எல்லாம் வெளியே வந்தது. ஒஹையோவில் ஒரு பேங்க் கொள்ளை. காவலாளி ஒருவன் சாவு. சிறையிலிருந்து தப்பி, தாடி வளர்த்து, யாரும் தேடி வராத ஊராகப் பார்த்து ஒதுங்கினான். ஒளிந்துகொள்ளத்தான் பாடகர் குழுவில் சேர்ந்தானாம். நாளாக ஆக, பாடுவது பிடித்துப்போயிற்று. போதகரையும்.

"அன்னிக்கு ஜன்னலைச் சாத்தப் போனேன். சுவத்துல என் முகம், ஷெரீப். தட்டு அளவுக்கு. அதை உடைச்சிட்டு ஓடிடலாம்னுதான் சுத்தியலை எடுத்தேன். உடைச்சு முடிக்கிறப்ப அவர் வந்துட்டாரு."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா அவர் பாட்டுக்கு உயிரோட இருந்திருப்பாரு. சிரிச்சாரு. தோள்ல கை வச்சு, 'கூச்சப்படாதப்பா, சுவத்துக்கு இன்னொரு பிரதி செஞ்சுக்கலாம். நாடே உன்னைப் பாக்கெட்ல வச்சுக்கப் போகுது'ன்னாரு. சொல்லிட்டு, உடைஞ்சதைப் பொறுக்கறதுக்குக் குனிஞ்சாரு..."

முகத்தை மூடிக்கொண்டான். ஷெரீப் விலங்கை மாட்டும் முன், நுரையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

கோர்ட்டில் அமோஸ் எல்லாக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். முகத்தின் கதையை மட்டும் சொல்லவில்லை. போதகரின் மனைவிக்கு அது தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். முகத்தை மாற்றச் சொல்லி இடா பிலடெல்பியாவுக்கு ஓடினாள். அச்சு வெட்டியாகிவிட்டது, ஒரு மயிரைக்கூட மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள்.

வசந்தத்தில் நாணயம் வந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஷெரீப் தேவாலய வாசலில் ஒவ்வொருவரையும் பார்த்தபடி நின்றார்.

ஒருவர்... ஒருவர்கூட அமோஸை அடையாளம் காணவில்லை!

ஆளாளுக்கு அந்த முகத்தில் தங்கள் தாத்தாவைக் கண்டார்கள். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு என்று இரண்டு குடும்பங்களுக்குள் கைகலப்பே வந்தது. போதகரின் மனைவி நாணயத்தைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

எந்தப் பயத்தில் கொன்றானோ அந்தப் பயத்துக்கு அர்த்தமே இல்லை என்பது அமோஸுக்குத் தெரிய வேண்டாம் என்று ஷெரீப் நினைத்தார்.

விஷயம் தெரிந்த இன்னொருவர் மிச்சம். ஊரிலேயே பெரிய வாய். லாக்கப்பைத் திறந்துவிட்ட அன்று ஃபினெர்ட்டியிடம் ஷெரீபே எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருந்தார்.

புதுக் கண்ணாடி போட்ட பீக்கன் ஆபீஸுக்குள் நுழைந்து, நாணயத்தை மேஜையில் வைத்தார்.

"மைல்ஸ், இந்த வாரம் எதைப் பத்தி எழுதப் போற?"

ஃபினெர்ட்டி நாணயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமோஸின் சாந்தமான முகத்தைப் பெருவிரலால் துடைத்தார். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"அரசாங்கக் காசுல ஒரு புனிதர் தலை இருக்கக்கூடாதுன்னுதான் நான் கத்தினேன். இப்ப எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல, ஷெரீப்."