பொலிக்குள் ஒரு பல்

காலைக் கஞ்சியில் வந்தது கல் இல்லை, பல். அழகரத்தினம் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேரும் தலையுமாய் முழுசான கடைவாய்ப் பல். எங்கே ஓட்டை விழுந்திருக்கிறதென்று பார்க்க நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டார். கீழ் வலப்பக்கத்தில் பாதி உடைந்து அழுகி, நெல் வெட்டுக் காலத்திலிருந்து அவரைத் தூங்கவிடாமல் செய்கிற அந்தச் சனியன் பிடித்த பல் அங்கேயேதான் இருந்தது. மற்றவையும் இருந்தன. வாயில் ஒன்றும் குறையவில்லை.

கையிலிருந்ததை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, கையையும் கழுவிவிட்டு உள்ளே வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நித்திரை கெட்ட மனிதனுக்கு என்னென்னவோ தோன்றும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதற்கு முன்பும் சோற்றில் சின்னச் சின்னதாய்க் கடிபட்டதுண்டு. அப்போதெல்லாம் பார்க்காமலே துப்பிவிட்டு, அரிசி ஒழுங்காய்ப் புடைக்கவில்லையென்று மனைவியைத்தான் ஏசினார்.

பல் டொக்டரிடம் போவதை வருடக்கணக்காய்த் தள்ளிப்போட்டு வந்தவர் அவர். விதைப்பு முடியட்டும், வெட்டு முடியட்டும், அம்மன் சடங்கு முடியட்டும் என்று ஒவ்வொன்றாய் முடிந்துகொண்டே போனது. விதைப்புக்கும் வெட்டுக்கும் நடுவில் ஒரு பல்லைப் பிடுங்க நேரமில்லாத விவசாயி உன்னிச்சையில் தன் புருசன் ஒருவர்தான் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டொக்டர் ஒருவர், ஊசி மருந்து பிடிக்குமுன்னே அவருடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஒரு பல்லைப் பிடுங்கியிருந்தார். அந்த நெறுநெறுப்பை அவர் காதால் கேட்கவில்லை, மண்டைக்குள் கேட்டார். இன்றைக்கும் யாராவது தேங்காய் உடைத்தால் அவர் எழும்பி வெளியே போய்விடுவார்.

போன மாதம் முகம் வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி வடிய வைத்தார்கள். பல்லைப் பிடுங்காவிட்டால் அது திரும்பவும் வரும், அடுத்த தடவை தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்திவிடும் என்று வார்ட் டொக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். பல் பிடுங்கத் தந்த திகதிக்கு அழகரத்தினம் போகவில்லை. இப்போது வீக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. மகள் தனுஷியா டவுனில் ஒரு பெண் டொக்டரிடம் நேரம் எடுத்துவிட்டு, வேலைக்கு லீவும் போட்டுவிட்டு, பின்னேர பஸ்ஸில் அவரை ஏற்றினாள்.

"இண்டைக்கும் ஓடினீங்கெண்டா, நான் உங்களோட கதைக்கவே மாட்டன்" என்றாள்.

"எங்க மகள் ஓடுற? ஓட ஏலுமா இனி?"

உண்மையாகவே அவரால் ஏலவில்லை. பயம்கூட அவருக்குள் களைத்துப்போய்க் கிடந்தது. பஸ் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தார். வாவிக்கு மேல் மழை கறுத்து நின்றது. சேறும் கண்டல் இலையும் ஊறிய மணம் பஸ்ஸுக்குள் வந்தது. பாலத்தில் பஸ் ஏறிக் குலுங்கியபோது நாக்கு நுனியில் ஏதோ பட்டது. கீழ் ஈறு நெடுக, தோலுக்கு அடியில், வரிசையாய்ச் சின்னச் சின்ன மேடுகள். நாற்றங்காலில் முளை தள்ளும் நெல்லைத் தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது. காலையில் அவை இருக்கவில்லை. நாக்கை உள்ளே இழுத்து, அசையாமல் வைத்துக்கொண்டார்.

டொக்டரின் இடம் வாவிக் கரைத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறை. கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும் கலந்த மணம், சுவரில் சிரிக்கும் ஒரு பெரிய வாயின் படம், கதவுக்குப் பின்னால் ஏறுவதும் இறங்குவதுமாய் ஒரு மெஷினின் கீச்சுச் சத்தம். அந்தச் சத்தம் இறங்கும்போதெல்லாம் அவருடைய மனம் நெல்லடிக்கும் களவெட்டிக்கே போனது.

வெட்டுக் காலத்தில், வெட்டு மெஷின் இறங்க முடியாத பள்ளத் துண்டு ஒன்றை ஆட்கள் கையால் வெட்டி, களவெட்டியில் சூடு மிதித்து நெல்லைப் பிரித்தார்கள். தூற்றிக் குவித்த நெல்லைப் பொலி என்பார்கள். அதை அளக்கிறவர் ஒவ்வொரு மரைக்காலுக்கும் "பொலி, பொலி" என்று கூவவேண்டும். பெருகு என்பது அதன் பொருள். அளந்து முடியும்வரை விழுந்தது, குறைந்தது, போய்விட்டது, போதும் என்ற சொற்கள் அங்கே எவர் வாயிலும் வரக்கூடாது. வந்தால் பூதம் கேட்டுவிடும், பொலியை வாரிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அளந்தவர் அழகரத்தினம். கூவுவதற்கு வாயைத் திறந்தபோது, நோவிலிருந்த பல்லில் பாதி கழன்று குவியலின் உச்சியில் விழுந்து, நெல்லோடு நெல்லாய் வழுக்கி உள்ளே போய்விட்டது.

வேறு இடமென்றால் "ஐயோ, பல்லு விழுந்து போச்சு" என்று நாலு பேருமாய்க் கிளறித் தேடியிருப்பார்கள். களவெட்டியில் அதை எந்த வாயால் சொல்வது? அவர் இரத்தத்தை விழுங்கிக்கொண்டு "பொலி" என்றார். சுற்றி நின்றவர்களும் "பொலி" என்றார்கள். பல் கிடந்த குவியலைப் பார்த்து, கடைசி மரைக்கால்வரை, பெருகு, பெருகு என்று முழுக் குரலில் கேட்டார்கள். அந்த நெல்லைத்தான் அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மூட்டை கட்டினார். அன்றிலிருந்து அவரும் மனைவியும் மகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

"அழகரத்தினம் ஐயா, வாங்க" என்று கதவைத் திறந்தார் டொக்டர் நுஸ்ரா.

தனுஷியாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவள் கதவைப் பாதி திறந்தே வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கதிரை பின்னால் சாய்ந்தது. வெள்ளை விளக்கு முகத்துக்கு மேல் வந்து நின்றது. டொக்டர் இளம் பெண், நிதானமான கை, தங்கச்சி மகள் மாதிரிப் பேச்சு. வாய்க்குள் சின்னத் தகட்டை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, அதைத் திரையில் நெடுநேரம் பார்த்தார்.

"ஐயா அசைஞ்சிட்டீங்க போல. படம் சரியா விழல்ல. முழுக்க வெள்ளையாக் கிடக்கு."

"நான் அசையல்ல மகள்."

"சரி, பறவாயில்ல. இந்தப் பல்ல படமில்லாமலே எடுக்கலாம். ஆட்டமாத்தான் இரிக்கி. பயமா?"

"ஓம்" என்றார். அதைச் சொன்னதே பெரிய ஆறுதலாய் இருந்தது.

ஊசி எறும்பு கடித்த மாதிரித்தான் பட்டது. உதடு தடித்தது, கன்னம் தன்னுடையதாய் இல்லாமல் போனது. நெஞ்சில் முழங்கால் இல்லை, அதட்டல் இல்லை. குறடு உள்ளே போனது. ஒரு அழுத்தம், ஒரு சின்னத் திருப்பல். நெறுநெறுப்பை எதிர்பார்த்துக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கிடந்தார். அது வரவேயில்லை.

"முடிஞ்சிது ஐயா. இவ்வளவுதான்."

தட்டில் கறுத்துப்போன பாதிப் பல் கிடந்தது. அழகரத்தினத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருடம்! எத்தனை இரவு விழித்துக் கிடந்தார், எத்தனை பேர் சிரிப்புக்கு ஆளானார்! இன்றிரவு தூங்கலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பே இனித்தது. வாசலில் நின்ற மகளைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். அவளும் சிரித்தாள்.

டொக்டர் காயத்தில் பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் கடித்தார். பஞ்சு மேலே எழும்பியது. திரும்பவும் கடித்தார். திரும்பவும் எழும்பியது.

டொக்டர் பஞ்சை எடுத்து விளக்கை இழுத்துக் குனிந்தார். "அடியில இன்னொண்டு இரிக்கி" என்றார். அவருடைய குரலில் ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. "சில ஆக்களுக்கு இப்பிடி இருக்கும். பயப்படாதீங்க, அதையும் எடுத்திருவம்."

குறடு போனது. தட்டில் டிங் என்று ஒன்று விழுந்தது. வெள்ளையாய், புதிதாய்.

"இன்னொண்டு" என்றார் டொக்டர்.

டிங்.

அதற்குப் பிறகு குறடு வாய்க்குள் போகவில்லை. ஆனாலும் தட்டில் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. வலி இல்லை. அதுதான் பயங்கரமாய் இருந்தது. மரத்த ஈறு வழிவிட்டுக்கொண்டேயிருந்தது. நாக்கின் அடியிலிருந்தும், கன்னத்தின் உள்ளிருந்தும் அவை மேலே வந்தன. பச்சை நெல்லின் மணம் வாய் முழுக்க. மூக்கு முழுக்க. இரத்தம் இல்லை.

நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். வாய் நிறைந்துவிட்டது. துப்பினார். பக்கத்திலிருந்த பீங்கான் கிண்ணத்தில் சலசலவென்று கொட்டியது. திரும்பவும் நிறைந்தது. குறடு நிலத்தில் விழுந்தது. டொக்டர் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று எதையோ ஓதத் தொடங்கினார்.

போதும் என்று சொல்லவேண்டும். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். பூதமோ எதுவோ வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகட்டும். நாக்கைத் தேடினார். நாக்கு அவற்றுக்கு அடியில் எங்கோ புதைந்து கிடந்தது. மூச்சை இழுத்தார். தொண்டைக்குள்ளும் கரகரவென்று உருண்டது.

மகள். மகளை அனுப்பிவிடவேண்டும். வீட்டுக்கு ஓடு, அந்தச் சோற்றைத் தொடாதே, அம்மாவிடம் சொல்.

வாசலைப் பார்த்தார். தனுஷியா அங்கேயே நின்றாள். கத்தவில்லை. ஓடியும் வரவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் பிதுங்க அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்தார். போ என்று கையைக் காட்டினார்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை.

அவளுடைய விரல்களுக்கு இடையால் ஒன்று நழுவி நிலத்தில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று.